ஒரு சுரம் கீழே

9 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அவளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன குளிரில் கறுப்பனுக்குக் கழுத்தருகே விரிசல் விட்டதாக எழுதியிருந்தாயே, ஒட்டிக்கொண்டதா? உலகத்தில் எல்லோரும் கிளாரினெட்டைக் கிளாரினெட் என்றுதான் சொல்கிறார்கள். நான் ஏழு வயதில் வைத்த பெயரை நீ இன்னும் விடாமல் வைத்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஓர் உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் "ஏன், எதுக்கு, யாருக்கு?" என்று மூன்று கேள்வி அடுக்குவாய், நான் மூன்றுக்கும் உளறுவேன். அதனால்தான் கடிதம்.

எங்கள் கம்பெனி வேலை உனக்குத் தெரியும். இசைக்குறிப்பைக் கணினியில் எழுதினால் கணினியே அதை வாசித்தும் காட்டும். எழுதுவதில் ஒரு குறையும் இல்லை, அச்சடித்த புத்தகம் தோற்றுப்போகும். வாசிக்கச் சொன்னால்தான் மானம் போகிறது. பிடில் கொசுவாகக் கேட்கிறது, கிளாரினெட் வாசல் மணியாகக் கேட்கிறது. நான் உனக்காக ஒரு துண்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன் அக்கா. தனிக் கிளாரினெட்டுக்கு. ரொம்ப நாள் ஆசை. ஆனால் எழுதியதைக் கேட்டுப் பார்க்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் கதவைத் திறக்கலாமா என்று தோன்றுகிறது.

நீ ஒவ்வொரு சுரமாக ஊதிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? கீழிருந்து மேல்வரை நாற்பது சுரம். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக. அந்த மூன்றிலும் குட்டையாக, நீளமாக, தேய்ந்து அடங்குவதாக. ஆக ஒரு சுரத்துக்கு ஒன்பது. அதைக் கணினிக்குள் வைத்துவிட்டால் நான் குறிப்பில் எழுதுவதையெல்லாம் நீயே ஊதுவது போலக் கேட்கும். சின்ன ரிக்கார்டரும் நாலைந்து மெமரி கார்டும் தனிப் பார்சலில் வரும். கார்டைக் கடிதத்தோடு உறையில் போட்டு அனுப்பினால் போதும்.

என் மேஜையைத் தாண்டி எங்கும் போகாது. சும்மா நான் கேட்பதற்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். உதட்டையும்.

உன் தம்பி,
சுண்டு


22 ஜனவரி

அருமைச் சுண்டுவுக்கு,

உன் கடிதம், பார்சல் இரண்டும் கிடைத்தன. முழங்கால் ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது வலிக்கவில்லை. அதனால் முடிந்தவரை இறங்கிக்கொண்டே இருக்கிறேன். கறுப்பன் நலம். உன் வீட்டுக்காரி நலமா? அவள் கைப்பட நாலு வரி எழுதி எத்தனை மாதம் ஆகிறது என்று கேள்.

முந்நூற்று அறுபது தடவை ஊத வேண்டும் என்று நாசூக்காகச் சொல்லியிருக்கிறாய். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இருந்தாலும் எனக்கென்று இதுவரை யாரும் ஒரு வரி எழுதியதில்லை. இருபது வருடமாக நாடகக் கொட்டகையில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர் குழியில் உட்கார்ந்து யாருக்காகவோ எழுதியதைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறேன். எனக்காக ஒரு துண்டு என்றால் மூவாயிரம் தடவைகூட ஊதுவேன், போ.

பதிவு செய்கிற லட்சணத்தைக் கேள். துணி அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவில் ரிக்கார்டரைத் தொங்கவிட்டு, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, என் புடவைகளைப் பார்த்து ஊதுகிறேன். அப்படிச் செய்தால்தான் அறை எதிரொலி வரவில்லை. மூன்றாம் நாள் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். "பாட்டு வாசிச்சா கேட்டுட்டுப் போயிடுவேன்மா. ஒரே சத்தத்தை ஒம்பது தடவ ஊதறீங்களே, ரிப்பேர் ஆயிடுச்சா?" என்றார். ஆமாம், தம்பிக்கு ரிப்பேர் என்றேன்.

கொட்டகையில் எல்லோரும் சுகம். பிடில்காரர் வழக்கம்போல என் இடது பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல என் தாள் ஸ்டாண்டை இடித்துக்கொண்டிருக்கிறார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் நான் ஊதும்போது நீ பக்கத்தில் நின்று தாள் திருப்புவாய். எப்போதும் இரண்டு வரி முன்னாலேயே திருப்பிவிடுவாய். மிச்சத்தை நான் மனப்பாடமாக ஊதிச் சமாளிப்பேன். ஒரு நாளாவது உன்னைத் திட்டியிருப்பேனா?

கீழ்ப்பகுதி பதினான்கு சுரமும் இந்தக் கார்டில். ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டிருக்கிறேன்.

நல்லபடியாக இரு.

அக்கா


5 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அவளுக்கு வேலை அதிகம், எழுதுவாள்.

நீ என்னைக் கொன்றுவிட்டாய். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். உன் சுரங்களைக் கணினியில் ஏற்றி, ஒரு சின்னப் பாட்டை எழுதி, பட்டனைத் தட்டினால், பாட்டு முழுவதும் ஒரு படி கீழே இறங்கிக் கேட்கிறது. நான் எழுதியது சி, கேட்பது பி ஃப்ளாட். எழுதியது ஜி, கேட்பது எஃப். கணினியைச் சந்தேகப்பட்டேன், ரிக்கார்டரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் காதைச் சந்தேகப்பட்டு டாக்டரிடம் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

இவளிடம் புலம்பினேன். "உங்க அக்கா தாள்ல இருக்கிற பேர எழுதியிருப்பாங்க, நீங்க காதுல கேக்கிற பேர எதிர்பாக்கிறீங்க" என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கிளாரினெட்காரியின் தம்பி நான், எனக்கே மறந்துவிட்டது பார்.

இனிமேல் காதில் கேட்கும் பெயரையே போடு. இன்னொன்று. ஒவ்வொரு சுரத்துக்கு முன்னாலும் நீ மூச்சு இழுப்பது கேட்கிறது. அதை வெட்டிவிட்டு அனுப்பினால் வசதி.

ஆனால் ஒலி இருக்கிறதே, அக்கா! ஹெட்போனைக் கழற்ற மனமே வரவில்லை.

உன் சுண்டு


21 பிப்ரவரி

சுண்டுவுக்கு,

எனக்கு ஜலதோஷம். அது தவிர எல்லாம் சரி. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கறுப்பன் பிறவியிலேயே அப்படித்தான். தாளில் எழுதியிருப்பது ஒன்று, ஒலிப்பது ஒரு சுரம் கீழே. பழகியவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. நம் சித்தப்பா "நாளைக்கு வர்றேன்" என்றால் அடுத்த வாரம் என்று வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவரை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. எவ்வளவு தள்ளிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் அது பொய்யே இல்லை.

பெயரை மாற்றிப் போட மாட்டேன். நாற்பது வருடமாக எனக்கு ஜி என்றால் ஜிதான். நீயே அங்கே ஒரு படி இறக்கிக்கொள்.

மூச்சையும் வெட்ட மாட்டேன். மூச்சை வெட்டிவிட்டு ஊதினால் அது செத்தவன் ஊதுகிற மாதிரி. நிஜமாகக் கேட்க வேண்டும் என்று நீதானே கேட்டாய்? மூச்சுதான் நிஜம், சுரம் அதற்குப் பின்னால் வருவது.

நடுப்பகுதி இந்தக் கார்டில் இருக்கிறது. அதில் நடு ஜி மட்டும் கொஞ்சம் அசிங்கம். அது இருப்பதிலேயே சுலபமான சுரம், விரல் எதையும் மூட வேண்டாம், குழலைப் பிடித்துக்கொண்டு ஊதினால் போதும். ஆனால் அன்றைக்குத்தான் ஜலதோஷம் உச்சத்தில் இருந்தது. மூச்சு இழுக்கும்போது மூக்கு இரண்டு தடவை "ஸ்ர்ர், ஸ்ர்ர்" என்று உறிஞ்சுவது கேட்கும். உன் மேஜையைத் தாண்டப் போவதில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். கேட்டுச் சிரி.

என் துண்டு எத்தனை பக்கம் ஆயிற்று? ஒரு பக்கமாவது அனுப்பேன்.

வெந்நீர் வைக்கப் போகிறேன்.

அக்கா


3 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஜலதோஷம் போயிருக்கும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை.

மேல்பகுதிச் சுரங்கள் எப்போது வரும்? கொஞ்சம் அவசரம். அப்படியே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, நடுக்கிப் பிடிப்பது, கடைசியில் விட்டுக் கீழே விழுவது, இவற்றையும் சேர்த்து அனுப்பினால் ரொம்ப உதவியாக இருக்கும். பட்டியல் தனியாக வைத்திருக்கிறேன்.

துண்டு நடந்துகொண்டே இருக்கிறது.

சுண்டு

(பட்டியல் டைப் அடித்தது. கையால் எழுத நேரமில்லை.)


16 ஏப்ரல்

அருமைச் சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைவிடப் பட்டியல் நீளம். பரவாயில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு வரியில் ஒருவனுடைய உடம்பைத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

எல்லாம் முடிந்தது. இதுதான் கடைசிக் கார்டு. மேல்சுரங்களுக்குக் கீழுதட்டைப் பல்லில் அழுத்தி அழுத்தி உள்பக்கம் கிழிந்துவிட்டது. மூன்று நாள் கொட்டகையில் பாதி ஊதினேன், மீதியைப் பிடில்காரர் சேர்த்து வாசித்து மறைத்தார். "யாருக்கு இப்படி உசுர விடறீங்க?" என்றார். தம்பிக்கு என்றேன். "குடுத்து வெச்சவன்" என்றார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் மேலாளர் இரண்டு வாரமாக ஒரு மாதிரி இருக்கிறார். அடுத்த நாடகத்துக்குத் தாள் பிரித்துக் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது, இன்னும் தரவில்லை. குழியில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். இனிமேல் வாசிக்க ஆளே வேண்டாம், கணினி போதும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. முரசுக்காரர் நம்பவில்லை. பிடில்காரர் நம்புகிறார், ஆனால் அவர் மழை வரும் என்பதைக்கூட ஒரு வாரம் முன்பே நம்புகிறவர்.

நீ அந்தத் துறையிலேயே இருப்பவன். எனக்கு ஒளிக்காமல் சொல். நாங்கள் உட்காரும் இடத்தில் கணினி உட்கார முடியுமா? எனக்கு ஐம்பத்து இரண்டு வயது. அந்த நாற்காலியை விட்டால் உட்கார எனக்கு வேறு நாற்காலி கிடையாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


30 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதோ ஒன்று வந்துவிட்டது. இப்போது எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஒலிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் மரம் தெரிகிறது.

நீ வீணாகப் பயப்படாதே. கணினி என்ன வாசித்தாலும் மனிதர் மாதிரி வருமா? அதெல்லாம் சும்மா மாதிரிக்குக் கேட்பதற்குத்தான். உன் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. நான் இருக்கிறேன் அல்லவா.

துண்டு முடிந்துவிட்டது. சீக்கிரம் கேட்பாய்.

சுண்டு


18 ஜூலை

சுண்டுவுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீங்கள் இருவரும் நலமா?

செவ்வாய்க்கிழமை மதியம் மேலாளர் எங்கள் ஐந்து பேரையும் மேடைக்கு வரச் சொன்னார். குழிக்கு அல்ல, மேடைக்கு. நாங்கள் நடிகர்கள் மாதிரி வரிசையாக நின்றோம். நடுவில் ஒரு மேஜை, அதில் ஒரு லேப்டாப், இரண்டு பக்கமும் என் உயரத்துக்கு ஸ்பீக்கர். மேலாளர் ஒரு விளம்பரத் தாளை எடுத்து வாசித்தார். "மூச்சை வெட்டாத கிளாரினெட். மூச்சுதான் நிஜம், சுரம் அதற்குப் பின்னால் வருவது." எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருக்கிறதே என்று யோசித்தேன். யாருடைய வாக்கியம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நம் கையெழுத்தில் இருப்பதை அடுத்தவர் வாயில் கேட்டால் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை.

அப்புறம் பட்டனைத் தட்டினார். முதலில் பிடில். பிடில்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு கிளாரினெட். மெதுவான பாட்டு. இரண்டாவது அடி நடு ஜியில் தொடங்கியது. தொடங்கும் முன்னால் அந்தப் பெரிய ஸ்பீக்கர் இரண்டிலிருந்தும், காலிக் கொட்டகை முழுவதும் கேட்கும்படி, "ஸ்ர்ர், ஸ்ர்ர்."

அது என் மூக்கு, சுண்டு.

நாலாவது அடியும் ஜியில் தொடங்கியது. மறுபடி அதே மூக்கு, அதே இரண்டு உறிஞ்சல். பிப்ரவரியில் எனக்குப் பிடித்த ஜலதோஷம் ஜூலையில் எல்லோர் முன்னாலும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. "ஆள் ஊதற மாதிரியே இருக்கு, இல்ல?" என்று மேலாளர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து பேருக்கும் இந்த மாதத்தோடு சரி என்றார்.

வெளியே வந்ததும் பிடில்காரர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார், "எவனோ ஒருத்தன் ஒவ்வொரு சுரமா உக்காந்து ஊதிக் குடுத்திருக்கான் பாருங்க. கூட இருக்கிறவன் வயித்துல அடிக்கிறோமேன்னு அவனுக்குத் தோணியிருக்குமா?" நான் பேசாமல் நின்றேன். முரசுக்காரர், "அவன் உருப்படவா போறான்?" என்றார். அதற்கும் பேசாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். "சும்மா நான் கேட்பதற்குத்தான்." "என் மேஜையைத் தாண்டி எங்கும் போகாது." "உன் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது." எல்லாம் அழகான கையெழுத்து. உன் கடிதத்தையும் ஒரு சுரம் இறக்கித்தான் வாசித்திருக்க வேண்டும் போல. எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே கேள்வி. கொடுத்தாயா, இல்லையா? பெரிய கடிதம் வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

அக்கா


6 ஆகஸ்ட்

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதத் தொடங்குகிறேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு வேலை காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை அவர் பிரிக்கவே இல்லை. பத்து நாளாக டிவி மேல் இருந்தது. துடைக்கும்போது ஒரு பக்கம் நகர்த்தி, துடைத்ததும் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நேற்று நான் பிரித்தேன். படித்துவிட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் வாயால் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததால் நான் சொல்கிறேன். கொடுத்தார், அண்ணி.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொய் ஆகிவிடும். போன டிசம்பரில் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் முதலாளியிடம் போய், நல்ல கிளாரினெட் ஒலி முழுதாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதனால்தான் வேலை தங்கியது. அந்தத் தாளில் தேதி டிசம்பர் 12. உங்களுக்கு அவர் எழுதிய முதல் கடிதம் ஜனவரியில். உங்களைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார். தாளில் உங்கள் பெயர் எங்கும் இல்லை.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். உங்கள் சுரம் ஏன் ஒரு படி கீழே கேட்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான். அப்போது சந்தோஷமாகத்தான் சொன்னேன். என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

அந்த ஒலியை வைத்து உங்கள் கொட்டகையில் போடும் புது நாடகத்தின் முதல் காட்சிக்கு முதலாளியை அழைத்துக்கொண்டு நாங்களும் வருகிறோம். உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

உங்கள்,
தம்பி மனைவி


13 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

நலமா? அவள் எழுதிவிட்டாள் என்று தெரியும்.

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்பதும் தெரியும். ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பார். நான் தராவிட்டால் வேறு யாராவது ஊதிக் கொடுத்திருப்பார்கள். கிளாரினெட் ஊத உலகத்தில் நீ ஒருத்திதான் என்று இல்லை. அப்போதும் உன் நாற்காலி போயிருக்கும், என் நாற்காலியும் போயிருக்கும். இப்போது ஒன்றாவது மிஞ்சியது.

உன்னை நான் மறந்துவிடவில்லை. உங்கள் மேலாளரிடம் நானே பேசினேன். ஆள் இல்லாத குழி பார்க்க வெறிச்சென்று இருக்கிறது, மேடைக்குப் பக்கத்தில் ஒருவராவது வாத்தியத்தோடு உட்கார்ந்தால் பார்ப்பவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது. உன் நாற்காலி உனக்கே. நீ ஊத வேண்டியதில்லை. வாயில் வைத்துக்கொண்டு விரலை அசைத்தால் போதும். உதடும் கிழியாது.

உனக்காக எழுதிய துண்டுதான் இரண்டாம் அங்கத்தில் வருகிறது, கதாநாயகி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில். அதற்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இதையாவது நினைத்துப் பார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அந்த நடு எஃப் ஒன்றில் மூக்கு உறிஞ்சும் சத்தம் வருகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொல்கிறார்கள். வெட்டிப் பார்த்தேன், சுரத்தின் தலையும் சேர்ந்து போகிறது. அந்த ஒன்றை மட்டும் திரும்ப ஊதி அனுப்ப முடியுமா? ஒன்பதுதான்.

உன் தம்பி


14 செப்டம்பர்

சுண்டுவுக்கு,

நீங்கள் இருவரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உன் முதலாளிக்குக் கோபம் தணிந்ததா?

முதல் காட்சியில் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் கூப்பிட்டதும் நான் ஒத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டேன். வீட்டில் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மேல் என்று நினைத்தேன். நாலு மணிக் காட்சிக்கு மூன்றரைக்கே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது பக்கம் காலி. இருபது வருடத்தில் முதல் தடவையாக என் தாள் ஸ்டாண்டை யாரும் இடிக்கவில்லை.

முதல் அங்கம் முழுவதும் ஒழுங்காகத்தான் நடித்தேன். முன்வரிசையில் நீயும் அவளும் உன் முதலாளியும் இருந்தீர்கள். நீ தாளம் போட்டுக்கொண்டிருந்தாய்.

இரண்டாம் அங்கத்தில் உன் துண்டு வந்தது. உன் தாளைப் பார்த்துக்கொண்டே விரலை அசைத்தேன். ஊதாமல் சும்மா வைத்திருந்தாலும் உடம்பு விடுவதில்லை. சுரம் நீண்டால் மூச்சைத் தானாகப் பிடித்துக்கொள்கிறது, தாளில் எங்கே இடம் வருகிறதோ அங்கேதான் விடும். நான் இடம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். முதல் வரி போயிற்று. இரண்டாவது போயிற்று. பக்கம் முடிந்தது, திருப்பினேன். அடுத்த பக்கத்திலும் இல்லை. காது அடைத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் வாய் தானாகத் திறந்துவிட்டது. கறுப்பனை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

கிளாரினெட் நிற்கவில்லை. நான் மடியில் வைத்திருக்க, அது பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை, "அம்மா, அந்த ஆன்ட்டி வாசிக்கவே இல்ல, சத்தம் வருது!" என்றது. பின்வரிசையில் சிரிப்பு. அப்புறம் முன்வரிசை வரைக்கும் சிரிப்பு. மேடையில் அந்தப் பெண் ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தாள், பாவம், அவளை யாரும் பார்க்கவில்லை. திரும்ப வாயில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதற்கு நான்தான் பொறுப்பு.

நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரி மட்டும் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்.

மிச்சத்தை உட்கார்ந்து கேட்டேன். நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். என் ஒலி, உன் எழுத்து, இரண்டும் சேர்ந்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து பக்கத்தில் ஓர் இடத்தில்கூட நீ மூச்சு விட இடம் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடிப் பார்த்தேன். மூச்சுக்கு அடையாளமாகப் போடும் காற்புள்ளி ஒன்றுகூட இல்லை. கிளாரினெட்காரியின் தம்பி, தாள் திருப்பினவன், என் முதுகு ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ. மனுஷிக்கு எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தால் அந்த இடம் தானாக வந்திருக்கும். வேலைக்குப் பயந்து கொடுத்தாய் என்றால் எனக்குப் புரிகிறது. பயம் எனக்கும் தெரியும். ஆனால் எனக்காக எழுதினேன் என்றாயே, அது எனக்காக எழுதியது இல்லை, சுண்டு. அந்த ஒன்றுக்குத்தான் இந்த முந்நூற்று அறுபதையும் ஊதினேன்.

காட்சி முடிந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தேன். பிடில்காரர் நின்றுகொண்டிருந்தார். பின்வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தாராம். இனி மறைக்க முடியாது என்று, ஊதிக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். "தெரியும்" என்றார். "அன்னிக்கே தெரியும். இருபது வருஷம் பக்கத்துல உக்காந்தவன் நான், உங்க மூக்கு எனக்குத் தெரியாதா?" தெரிந்துதான் அன்று அப்படிக் கேட்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பேன் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்திருக்கிறார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நீ எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்திருக்கிறேன் என்று அந்த பஸ் போன பிறகுதான் உறைத்தது.

மேலாளர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரிக்கார்டரும் மிச்சக் கார்டுகளும் பார்சலில் வருகின்றன. உன் ஐந்து பக்கமும் அதிலேயே இருக்கிறது.

நீ கேட்ட சுரத்தைத் திரும்ப ஊதித் தர மாட்டேன். உனக்கு அது எஃப், எனக்கு ஜி. மற்ற சுரங்களில் ஊதுவது யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒன்றில் மட்டும் நான் இருக்கிறேன். உறிஞ்சிக்கொண்டே இருக்கிறேன். விற்கும் இடத்திலெல்லாம் அதையும் சேர்த்து விற்றுக்கொள்.

மற்றபடி இங்கே நான் நலம். தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நீ ஒரு சுரம் கீழே வாசித்துக்கொள்.

அக்கா